அந்த ஒத்த ஓட்டு

ஜனவரி 6, திங்கள்

பிரிசில்லா இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏதோ உரக் கம்பெனி போன வருஷம் விளம்பரத்துக்குக் கொடுத்தது. உள்ளே யூரியா மூட்டை படம். தேதியை அடித்துவிட்டு எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

கேன்டீனில் அன்றன்று என்ன முடிவு எடுத்தோம், யார் சொன்னது, யார் ஒத்துக்கொண்டது, யார் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் எழுதணும். வாரம் ஒரு தடவை அவள் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொள்வாள். “பிழையெல்லாம் பாக்கமாட்டேன்க்கா, மனசுல தோணுறத எழுதுங்க” என்றாள். எம்.ஏ. படிக்கிற பிள்ளை, அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறது.

விஷயம் இதுதான். அரசியல் துறை அருணகிரி சாரிடம் இந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் ஆய்வேடு எழுதுகிறார்கள். பிரிசில்லா ஒன்று, ஜமால் ஒன்று. ஜனங்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், பத்துப் பேர் கூடினால் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதுதான் இரண்டு பேருக்கும் படிப்பு. பிரிசில்லாவுக்கு எங்கள் காலேஜ் கேன்டீன். பதினொரு பொம்பளைகள் சேர்ந்து நடத்துகிற குழு. ஒன்பது வருஷமாகச் செல்லக்கனி ஆகிய நான்தான் தலைவி.

சார் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “துறையில நான் கைடு. இங்க நீங்கதாம்மா கைடு. புள்ளைங்கள பாத்துக்கிடுங்க.”

உடனே உள்ளே போய் ஆவுடையிடம் சொன்னேன்: “ஏட்டி, இனிமே என்னைய மேடம்னுதான் கூப்பிடணும், கேட்டியா?”

ஆவுடை தோசையைத் திருப்பிப் போட்டாள். அவளுக்குச் சிரிப்பு லேசில் வராது. பதினாலு வருஷமாக முயற்சி பண்ணுகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

முடிவு: உளுந்து விலை ஏறியதால் வடையைக் கொஞ்சம் சின்னதாகத் தட்டுவது.
சொன்னது: நான்.
ஒத்துக்கொண்டது: எல்லாரும்.
மூஞ்சியைத் தூக்கியது: மேரி புஷ்பம். ஆனால் அவள் மூஞ்சியே அப்படித்தான். “பிறந்தப்ப நர்ஸம்மா தூக்கி வச்சது, இன்னும் எறக்கல” என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேரியும் சிரித்தாள்.

இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கு என் மாணவர்கள் இரண்டு பேரையும் நன்றாக மேய்த்தேன்.

பிரிசில்லா பாத்திரம் துலக்குகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கோமதியிடம் “உங்க குழுவுல முடிவெடுக்கும் முறை எப்படி?” என்று கேட்கிறாள். கோமதி பயந்துபோய், “நான் ஒண்ணும் எடுக்கலியே” என்கிறாள். நான் நாற்காலியைப் பிடுங்கி வெளியே போட்டேன். “ஏ பிள்ள, இங்க உக்காந்து ரெண்டு வெங்காயம் உரி. பொறவு அவளே எல்லாம் சொல்லுவா” என்றேன். உரித்தாள். கண்ணீர்விட்டுக்கொண்டே கேள்வி கேட்டாள். ஏதோ இழவு வீடு மாதிரி இருந்தது. ஆனால் கோமதி மடமடவென்று பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை. நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டாள்.

ஜமால் கதை பெரிய கதை. ஹாஸ்டலில் காலைப் பலகாரத்துக்கு ஓட்டு எடுத்திருக்கிறான். இட்லியா பொங்கலா என்றால் இட்லி ஜெயிக்கிறது. பொங்கலா பூரியா என்றால் பொங்கல். சரி, இட்லிதான் ராஜா என்று நினைத்தால், இட்லியா பூரியா என்கிறபோது பூரி ஜெயிக்கிறது. எதைப் போட்டாலும், அது வேண்டாம், இன்னொன்றுதான் வேணும் என்கிற கூட்டம் பெரிசாக இருக்கிறது. பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். சார் வேறு, “இது ரொம்பப் பழைய சிக்கல்டா, நீ புதுசா என்ன சொல்லப்போற?” என்று வறுத்தெடுக்கிறார்.

நான் ஒரு உப்புமாவைக் கிண்டி ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். எல்லாப் பயல்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். “பாத்தியா, ஒங்கள ஒண்ணு சேத்துட்டேன்லா” என்றேன். சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

ஒரு கூட்டமே சேர்ந்து ஒன்றை வேண்டாம் என்று சொல்வதைப் பார்க்கவும் ஒரு கொடுப்பினை வேணும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முடிவு ஒன்றும் இல்லை. மழை மூட்டம். கூட்டம் இல்லை. சோம்பல் தெளிய ஒரு விளையாட்டுக் காட்டினேன்.

அடுப்படியில் செல்போன் வைத்துக்கொண்டால் எண்ணெயில் விழுந்துவிடும் என்று எல்லார் போனையும் கல்லாப் பக்கத்தில் ஒரு கூடையில் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். கூடைக்கு நான் காவல். போன் வந்தால் நான் குரல் கொடுப்பேன்.

“ஆவுடை! போனு! ஒன் மவன்! மஸ்கட்டு!”

அவள் மகன் சுடலைமணி ஏ.சி. மெக்கானிக்காகப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன் பண்ணுவதே அபூர்வம். ஆவுடை கரண்டியைப் போட்டுவிட்டு, கையெல்லாம் மாவோடு, ஈரத்தரையில் சறுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேன்டீனே சிரித்தது. டீ குடிக்க வந்த பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

மாதம் இரண்டு தடவையாவது ஓடவிட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் ஓடிவருகிறாள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்கு நிஜமாகவே சுடலைமணி போன் பண்ணினான். “ஆவுடை, ஒன் மவன்” என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. “சத்தியமாட்டி” என்றேன். கோமதி சிரித்தாள். பேச்சி சிரித்தாள். போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதற்குள் கட்டாகிவிட்டது. திருப்பிப் போட்டால் எடுக்கவில்லை.

இதற்கு நான் என்ன செய்ய முடியும்? கூப்பிட்டேனா இல்லையா?

பிப்ரவரி 13, வியாழன்

ஆவுடை வரவில்லை. தலைவலியாம். தோசைக்கல்லில் நான் நின்றேன். யப்பா, என்ன அனல். ஒன்பது வருஷமாகக் கல்லா ஸ்டூலில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து உடம்பு சொகுசு கண்டுவிட்டது.

அந்த ஸ்டூலைப் பற்றி ஒன்று எழுதவேண்டும். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பது கிடையாது. மருமகள் ராஜ்ஜியம். என்ன குழம்பு என்றுகூடத் தட்டில் விழுந்த பிறகுதான் தெரியும். இங்கே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்து, “யக்கா, என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்கள். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்குச் சீட்டு ஓட்டு.

தலைவியைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் பங்குனி முதல் வெள்ளியில், கை தூக்கித்தான். ஆனால் பிரிசில்லாவின் ஆய்வேட்டுக்காக ஒரு தடவை சீட்டில் எழுதிப் போடச் சொன்னாள். “இது படிப்புக்கு மட்டும்தான்க்கா. நெசத் தேர்தல் நீங்க எப்பவும் போல வச்சுக்கிடுங்க. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. எத்தன விழுந்துச்சுன்னு இங்க மூச்சு விடமாட்டேன்.”

எல்லாரும் தயங்கினார்கள். நான்தான், “ஏட்டி, நம்ம பிள்ள மார்க்கு வாங்க வேண்டாமா, எழுதுங்க” என்று விரட்டினேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். பேச்சிக்கு எழுத வராது. அதனால் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு படம் என்று போட்ட சீட்டை எல்லாருக்கும் கொடுத்தாள் பிரிசில்லா. எனக்குக் கரண்டிப் படம். என் வாய்க்குப் பொருத்தமாக ஒலிபெருக்கி போட்டிருக்கலாம்.

நான் யாருக்குப் போட்டேன் என்று எழுதமாட்டேன். ரகசியம் என்றால் ரகசியம். ஆனால் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை என்பதை மட்டும் பிரிசில்லா அறியட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

சீட்டை எண்ணிவிட்டாயா என்று பிரிசில்லாவிடம் கேட்டேன். “எண்ணிட்டேன்க்கா” என்றாள். டீ ஆறும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், படிப்புக் கவலை.

மார்ச் 21, வெள்ளி

பங்குனி முதல் வெள்ளி. ஜெயித்தவள் கையால் எல்லாருக்கும் கேசரி என்பது எங்கள் குழுவில் வழக்கம். ஓட்டு முடிந்த பிறகுதான் கிண்ட வேண்டும். ஆனால் மத்தியானத்தில் அடுப்பு ஏது ஒழிகிறது? நான் வருஷா வருஷம் காலையிலேயே கிண்டி மூடிவைத்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். முந்திரி கூடுதல்.

சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் நான் நடுவில் நின்று, “இந்த வருஷம் யாரு தலைவி? சொல்லுங்கட்டி” என்றேன்.

கோமதி, “நீதான்க்கா” என்றாள். “கையத் தூக்கிச் சொல்லு. அக்குளு கிழிஞ்ச சட்டையா போட்டிருக்க?” என்றேன். சிரிப்பு. கைகள் மேலே போயின. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆவுடை கை கடைசியாகப் போனது. மாவுக் கை. நானும் விளையாட்டுக்கு என் கையைத் தூக்கினேன்.

பதினொன்றுக்குப் பதினொன்று. பத்தாவது வருஷம்.

பிரிசில்லா மூலையில் நின்று குறித்துக்கொண்டாள். கேசரி கொடுத்தேன். “தொண்டை சரியில்லக்கா” என்று அப்படியே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போய்விட்டது. நன்றி சொல்கிற பக்கத்தில் என் பேர் இருக்கிறதாம். சாருக்கு அடுத்து நான்!

ஏப்ரல் 9, புதன்

வெள்ளிக்கிழமை இரண்டு பிள்ளைகளும் ஆய்வேட்டை எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் கேள்வி கேட்க வருகிறார்.

பிரிசில்லா வந்தாள். “யக்கா, வெள்ளிக்கிழமை நீங்க அலைய வேண்டாம். ஒரே போரா இருக்கும்.”

“கைடு வராம எப்படி பிள்ள?”

“நெசமாவே வேண்டாம்க்கா. வெயிலு வேற.”

“மூணு கட்டடம் தாண்டி வர எனக்கு என்ன வெயிலு?”

“யக்கா, ப்ளீஸ்க்கா.”

கூச்சம். நல்ல பிள்ளை. பாவம், அவளுக்கு அம்மாவும் இல்லை, அன்றைக்கு வந்து உட்கார. நான் முடிவு எடுத்துவிட்டேன்: பதினொரு பேரும் போகிறோம். நல்ல சேலை. ஒரு மணி நேரம் கேன்டீனை மூடுவது. எல்லாரும் சரி என்றார்கள். கோமதி மட்டும், “நாங்க எதுக்குக்கா?” என்றாள். “கை தட்ட ஆளு வேண்டாமாட்டி?” என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

கேசரிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். கதவில் எங்களைப் பார்த்ததும் பிரிசில்லா முகம் வெளிறிப்போனது. பயப்படாதே என்று கையைக் காட்டினேன். சார் எழுந்து ஓடிவந்தார். “இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா, உங்களுக்குப் புரியாது.” “நானும் கைடுதான சார்” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. அந்த வெளியூர்க்காரர்கூடச் சிரித்தார். சார் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஜமால். இட்லி, பொங்கல், பூரி. அது முடிந்தது.

பிரிசில்லா ஏறினாள். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. திரையில் எழுத்து வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உதட்டை அசைத்து. “குழு அ. உறுப்பினர் பதினொருவர்.” ஆவுடையை இடித்தேன்: “ஏட்டி, நாமதான்.”

அடுத்த வரி. “கை தூக்கியபோது தலைவிக்கு: பதினொன்று.”

அதற்கு அடுத்த வரி. “சீட்டில் தலைவிக்கு: ஒன்று.”

தப்பாகப் படித்துவிட்டேன் என்று மறுபடியும் கூட்டினேன். ஒன்று. இன்னொருத்திக்கு எட்டு. மீதி இரண்டு சிதறிப்போனது. பேர் எதுவும் இல்லை. எதற்குப் பேர்?

பிரிசில்லா பேசிக்கொண்டே போனாள். அடுத்த படத்துக்குத் தலைப்பு, “கேலியும் அதிகாரமும்”. கீழே, “தலைவியின் நாட்குறிப்பிலிருந்து” என்று போட்டு, என் வார்த்தை. நான் இந்த டைரியில் எழுதியது. “மாதம் இரண்டு தடவையாவது ஓடவிட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் ஓடிவருகிறாள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.”

ஆவுடை என்னைவிட வேகமாகப் படிப்பாள். எட்டாவது வரை போனவள். அவள் படித்து முடித்துவிட்டுக் கையை மடியில் கோத்துக்கொண்டாள். நான் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேரி புஷ்பம் பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். என் பிட்டத்துக்குக் கீழே நாற்காலி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

வெளியூர்க்காரர் கேட்டார்: “அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு தெரியுமா?”

“தெரியாது சார். ரகசிய ஓட்டு.”

கடைசியில் பியூன் கேசரியை எடுத்துப் பரிமாறிவிட்டார். வெளியூர்க்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆகா, யாரு கிண்டினது?” என்றார்.

பத்துக் கையும் நீண்டு என்னைக் காட்டின.

ஏப்ரல் 12, சனி

போகவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. மருமகள் பாயசம் வைத்தாள். “அத்தைக்கு என்ன, வாயே தொறக்கல?” என்று மகனிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இனிமேல் இதை யாருக்கும் காட்டப்போவதில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். ஒருத்தியும் முன்போல நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து மணிக்கு மேரி புஷ்பம் சில்லறை கேட்கிற சாக்கில் வந்தாள். குனிந்து காதில் சொன்னாள்: “யக்கா, நீங்க மனச விட்ராதீங்க. அந்த ஒத்த ஓட்டு நாந்தான்.”

கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கு.

மத்தியானம் கோமதி வந்தாள். “யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா. அந்த ஒண்ணு என்னதாக்கும். மத்தவளுவ எல்லாம் துரோகிங்க.”

சாயங்காலம் பேச்சி. “கரண்டிப் படத்துல நான்தான குத்துனேன், அம்மன் மேல சத்தியம்.”

ஏப்ரல் 19, சனி

இன்னும் இரண்டு பேர். வியாழக்கிழமை பாத்ரூம் பக்கம் மறித்து ஒருத்தி. இன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி, பிள்ளை மேல் சத்தியம் பண்ணினாள்.

ஏப்ரல் 23, புதன்

ஆவுடையைத் தவிர ஒன்பது பேரும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு ஓட்டை ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். ஜமாலிடம் சொன்னால் இன்னொரு ஆய்வேடு எழுதுவான்.

ஒவ்வொருத்தியும் சொல்லும்போது நான், “தெரியும் மக்கா, நீதான்னு தெரியும்” என்றேன். என்ன செய்ய? மூஞ்சிக்கு நேரே நின்று பொய் சொல்கிறவளிடம் வேறு என்ன சொல்வது?

ஏனென்றால் அது யார் போட்டது என்று எனக்குத் தெரியும். கரண்டிப் படத்துக்குக் கீழே நான்தான் அழுத்திக் கோடு போட்டேன், பேனா முனை காகிதத்தில் பொத்துக்கொண்டு போகிற அளவுக்கு. தனக்குத்தானே போட்டுக்கொள்கிற ஆள் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். பொய். பிரிசில்லா படிப்பாளே என்று எழுதியது.

அந்த ஒன்றும் இல்லையென்றால் சுத்த முட்டை.

இவளுகளுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன். மேரி புருஷன் குடித்துவிட்டு வந்தபோது கரண்டியோடு குறுக்கே நின்றிருக்கிறேன். பேச்சிக்கு இந்த வேலையே நான் வாங்கிக் கொடுத்தது. அதெல்லாம் எந்தத் திரையிலும் வரவில்லை. சிரித்தது மட்டும் வந்தது. அதிலும் சிரித்தவர்கள் யார்? நான் ஒருத்தி மட்டுமா சிரித்தேன்?

ஏப்ரல் 24, வியாழன்

பிரிசில்லா வந்தாள். கல்லாவுக்கு முன்னால் நின்று அழுதாள்.

“நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. வராதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்.”

“வராட்டா செஞ்சது சரியாயிருமா பிள்ள?”

“திரையில பேரு எங்கயும் போடலக்கா.”

“பேரு போடாம ஒன் மூஞ்சிய மட்டும் போஸ்டரா ஒட்டட்டுமா?”

பேச்சை மாற்றினாள். சார் ரொம்பப் பாராட்டினாராம். துறையில் முதல் மார்க். சொல்லும்போது அந்தக் கண்ணீருக்குள்ளேயும் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது. நான்தானே இவளுக்கு வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொடுத்தேன். உரித்துவிட்டாள்.

டைரியைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

“இங்க ஒரு டீ கொடு கோமதி” என்றேன். காசு வாங்கிக்கொண்டேன். இதுவரை அவளிடம் வாங்கியதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஆவுடை பத்தாவது ஆளாக வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்து பொய் சொல்லட்டும், அவளையும் “தெரியும் மக்கா” என்று அனுப்பிவிட்டால் எல்லாக் கணக்கும் முடியும் என்றிருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே தோசைக்கல்லுக்குப் போனேன். மற்றவர்கள் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ ஒண்ணும் சொல்லலியே” என்றேன்.

“நீ என்னட்ட கேக்கலியே, கனி.”

“கேட்டா?”

“ஒனக்குப் போடல. எனக்கு நானே போட்டேன்.” கல்லைத் துடைத்தாள். “ஒரு வருசமாவது நீ அந்தக் கூடைக்குப் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

“விளையாட்டுக்குத்தானட்டி பண்ணுனேன்?”

“அன்னைக்கு அவன் கூப்பிட்டது கையில அடிபட்டுட்டுன்னு சொல்ல. நாலு நாளு கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.”

கல்லில் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது.

“ஒன்னட்ட ஒண்ணு கேக்கேன்” என்றேன். “இவ்வளவு இருக்குல்லா மனசுல. பொறவு எதுக்குட்டி பங்குனி வெள்ளியில எனக்குக் கை தூக்குன?”

ஆவுடை என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“நீ பாத்துக்கிட்டு இருந்தியே” என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தூக்கம் இல்லை. ஒன்பது பேர் சொன்ன பொய்கூட அவ்வளவு எரியவில்லை. இவள் சொன்ன உண்மை எரிகிறது. பதினாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “கனி, இது எனக்குப் பிடிக்கல” என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

(சொல்லியிருந்தால் அதையும் ஒரு கேலியாக்கியிருப்பேன். அதுவும் தெரிகிறது.)

ஏப்ரல் 30, புதன்

முடிவு: வெள்ளிக்கிழமை மறுபடியும் தலைவி ஓட்டு. கை கிடையாது. சீட்டு. பிரிசில்லாவும் வேண்டாம், சாரும் வேண்டாம். இது படிப்புக்கு இல்லை, நிஜத்துக்கு.
சொன்னது: நான்.
ஒத்துக்கொண்டது: யாரும் வாய் திறக்கவில்லை.

என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் காகிதத்திலாவது இன்னொரு தடவை குத்தட்டும். உள்ளே ஒரு நப்பாசையும் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்பது பேர் சத்தியம் பண்ணியிருக்கிறார்களே, அதில் ஒரு நாலு பேராவது வெட்கப்பட்டு அதை நிஜமாக்கமாட்டார்களா என்று.

மே 2, வெள்ளி

ரவையை வறுக்கவில்லை. பொட்டலம் கட்டினபடியே அலமாரியில் இருந்தது.

அதே ஹார்லிக்ஸ் பாட்டில். இந்தத் தடவை படம் இல்லை, பேர்தான். பேச்சிக்காக ஜமாலை வரச் சொல்லி, அவள் காதில் சொல்ல, அவன் எழுதினான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் சீட்டை எழுதும்போது பேனா “செ” என்று ஆரம்பித்துவிட்டது. எண்ணும்போது மறுபடியும் ஒன்று வந்து, அதுவும் என்னுடையதாகவே இருந்தால் அந்த அசிங்கத்தை என்னால் தாங்க முடியாது என்று பட்டது. “செ”யை அடித்துவிட்டு “ஆவுடை” என்று எழுதினேன்.

கோமதி எண்ணினாள். ஆவுடை, ஆவுடை, ஆவுடை. ஒரு சீட்டை விரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “செ” அடித்திருந்தது எனக்கே அங்கிருந்து தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கும். “ஆவுடை” என்று படித்துக் கீழே வைத்தாள்.

பத்து ஆவுடை. ஒன்று செல்லக்கனி.

யாரும் கை தட்டவில்லை. ஆவுடை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்டூலை விட்டு எழுந்து, போன் கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். போய்த் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

மே 3, சனி

நேற்று எழுத விட்டுப்போனது.

அந்த ஒற்றை ஓட்டு என்னுடையது இல்லை. அது பதினொரு பேருக்கும் தெரியும். ராத்திரிவரை காத்திருந்தேன். இன்றைக்கும் நாள் பூராவும் கல்லடியில் நின்று காத்திருந்தேன். சில்லறை கேட்கிற சாக்கில், பாத்ரூம் பக்கம், பஸ் ஸ்டாப்பில். ஒருத்தியும் வந்து “நாந்தான்” என்று சொல்லவில்லை.

கேசரி நேற்றே ஆயிற்று. ஓட்டு முடிந்த பிறகு, வழக்கப்படி. ஆவுடை கிண்டினாள். முதல் கரண்டியை என் தட்டில்தான் வைத்தாள். ரவை நன்றாக வெந்திருந்தது. சீனி ரொம்பக் கம்மி. ஆஸ்பத்திரிக் கேசரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எப்படி இருக்கு கனி?” என்றாள்.

“நல்லா இருக்குட்டி” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.